எல்லோருக்கும் இடம் தரும் நிறுவனம்: பணியிடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

யாரை நேர்முகத் தேர்வுக்கு அழைப்பது, முக்கியமான வேலையை யார் கையில் கொடுப்பது, யார் பேசும்போது குறுக்கிடுவது, எந்த மாணவர் பெயரை ஆராய்ச்சி உதவித்தொகைக்குப் பரிந்துரைப்பது என்று ஒரு நிறுவனம் நாள்தோறும் நூறு சின்ன முடிவுகளை எடுக்கிறது. அங்கே யார் நுழைகிறார்கள், யார் நிலைக்கிறார்கள், யார் மேலே போகிறார்கள் என்பதெல்லாம் இந்த முடிவுகளின் கூட்டுத்தொகைதான். பழக்கத்தின் போக்கில் அவை எடுக்கப்படும்வரை, சுவரில் எத்தனை வாசகம் எழுதி வைத்தாலும் ஆட்களின் கலவை மாறாது. நல்லவர்கள் நிறைந்த இடங்களிலும் இதே கதைதான். எனவே இங்கே நான் சொல்லப்போவது முடிவெடுக்கும் முறையை மாற்றுவதைப் பற்றி.

அமெரிக்காவின் ஐந்து பெரிய இசைக்குழுக்களில் 1970 வாக்கில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. 1990களில் அது 25 சதவீதத்தை எட்டியது. இடைப்பட்ட காலத்தில் பல குழுக்கள் தேர்வின்போது கலைஞருக்கும் நடுவர்களுக்கும் நடுவே திரை கட்டத் தொடங்கின. இசை கேட்கும், ஆள் தெரியாது. வளர்ச்சி முழுவதற்கும் திரையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இசைப் பயிற்சிக்கு வந்த பெண்களின் எண்ணிக்கையும் அதே காலத்தில் கூடியது. ஆனாலும் நடுவர்களின் மனத்தை யாரும் திருத்தப் புறப்படவில்லை, தேர்வு நடக்கும் விதத்தைத்தான் மாற்றினார்கள் என்பதை மறக்கக் கூடாது.

மனிதவளத் துறையில் இருப்பவர், ஒரு குழுவை நடத்துபவர், கல்லூரி முதல்வர், துறைத்தலைவர், மாணவர் பேரவைப் பொறுப்பாளர் என்று யாருக்கும் கீழே உள்ள படிகள் பொருந்தும். வரிசையைக் கூடியவரை மாற்றாதீர்கள். பெரும்பாலான இடங்களில் பயிற்சி வகுப்போடு தொடங்குகிறார்கள். இங்கே அது கடைசிக்குச் சற்று முன்னால்தான் வரும்.

படி 1: எங்கே கசிகிறது என்று பாருங்கள்

"எங்களிடம் பெண்கள் குறைவு", "மாற்றுத்திறனாளிகள் விண்ணப்பிப்பதே இல்லை" என்ற பொதுப்பேச்சை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி எண் வேண்டும். வேலையிடத்தில் விண்ணப்பித்தவர், முதல் வடிகட்டலைத் தாண்டியவர், நேர்முகத்துக்கு வந்தவர், பணி கிடைத்தவர், மூன்று ஆண்டுக்குப் பிறகும் இருப்பவர், பதவி உயர்வு பெற்றவர், விலகியவர் என்று பிரியுங்கள். கல்லூரியில் சேர்க்கை, முதல் பருவத் தேர்ச்சி, பாடப்பிரிவை மாற்றிக்கொண்டவர், படிப்பை நிறுத்தியவர், பட்டம் பெற்றவர், முனைவர் பட்டத்துக்குப் போனவர், ஆசிரியப் பணியில் சேர்ந்தவர் என்று பிரியுங்கள். விண்ணப்பமே வராதது ஒரு நோய். வந்தவர்கள் நேர்முகத்தில் உதிர்வது வேறு நோய். சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் கிளம்பிவிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

மொத்தக் கணக்கு ஏமாற்றும் என்பதற்கு உயர்கல்வியிலேயே புகழ்பெற்ற பாடம் ஒன்று உண்டு. 1973இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதத்தினருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 சதவீதத்தினருக்குத்தான். பார்த்தவுடன் பாகுபாடு என்றே தோன்றும். துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி மறைந்தது. பெண்களுக்குச் சற்றே சாதகமாகக்கூட இருந்தது. இடம் கிடைப்பதே அரிதாக இருந்த துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். 1975இல் வெளிவந்த இந்த ஆய்வை "பிரச்சினையே இல்லை" என்பதற்குச் சான்றாகச் சிலர் காட்டுவதுண்டு. நான் அதை அப்படிப் படிக்கவில்லை. பெண்கள் ஏன் அந்தத் துறைகளை நோக்கித் திருப்பப்பட்டார்கள், அங்கே இடங்கள் ஏன் அவ்வளவு குறைவு என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. சேர்க்கைக் குழுவின் கதவில் தேடிய கசிவு, அதற்கு வெகு முன்னால் இருந்திருக்கிறது.

இன்னொரு கண்ணி, ஒரே ஒரு கோணத்தில் எண்ணுவது. அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் சிலர் தொடுத்து 1976இல் தீர்ப்பான வழக்கில், நிறுவனம் பெண்களையும் வேலைக்கு எடுத்திருக்கிறது, கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது என்று நீதிமன்றம் பார்த்தது. இரண்டும் சேர்ந்த தனிப் பிரிவாக அவர்களை ஏற்க மறுத்தது. அலுவலக வேலையில் இருந்த பெண்கள் வெள்ளையர்கள், ஆலையில் இருந்த கறுப்பினத்தவர் ஆண்கள். நடுவில் நின்ற கறுப்பினப் பெண்கள் எந்தக் கணக்கிலும் அகப்படவில்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரை இந்த வழக்கை எடுத்து அலசியது. உங்கள் அட்டவணையிலும் பாலினம், இனம், சாதி, மொழி, மாற்றுத்திறன், குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்பதைத் தனித்தனியாகவும் இரண்டிரண்டாகச் சேர்த்தும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தகவல்களை விருப்பத்தின் பேரில் மட்டுமே கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். ஆட்கள் மிகக் குறைவாக உள்ள பிரிவின் எண்ணை வெளியிடாதீர்கள். ஒரு துறையில் ஒரே ஒரு திருநர் இருக்கும்போது "திருநர்: 1" என்று அச்சிடுவது அவரைக் காட்டிக்கொடுப்பதே.

படி 2: பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதுங்கள்

அமெரிக்காவின் 708 தனியார் பணியிடங்களில் 1971 முதல் 2002 வரையிலான தகவல்களை அலெக்சாண்ட்ரா கலேவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி ஆகிய சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மேலாளர்களின் மனச்சாய்வைக் குறைக்க நடத்திய பயிற்சிகள் மேலாண்மைப் பதவிகளின் கலவையை மாற்றுவதில் மிகக் குறைந்த பலனே தந்தன. வழிகாட்டித் திட்டங்கள் ஓரளவு உதவின. எல்லாவற்றையும்விட வேலை செய்தது, பொறுப்பை ஒரு குழுவிடமோ ஒரு அலுவலரிடமோ தெளிவாக ஒப்படைத்ததுதான். அப்படிப் பொறுப்பு இருந்த இடத்தில் மற்ற திட்டங்களும் கூடுதல் பலன் தந்தன.

எனவே ஒரு அலுவலரை நியமியுங்கள். நிறுவனத் தலைவரிடமோ துணைவேந்தரிடமோ நேராகப் பேசும் உரிமை அவருக்கு வேண்டும். கையில் பணமும் எண்களைக் கேட்டுப் பெறும் அதிகாரமும் வேண்டும். துறையில் இருக்கும் ஒரே தலித் ஆசிரியரையோ ஒரே பெண் பொறியாளரையோ அவருடைய வழக்கமான வேலைக்கு மேலே "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவது மிகப் பரவலாக நடக்கும் அநீதி. பாதிக்கப்படுபவரே சரிசெய்யவும் வேண்டும், சம்பளமும் இல்லை, பதவி உயர்வில் அது கணக்கிலும் வராது. குழுப் பணிக்கு நேரம் ஒதுக்குங்கள். மற்ற வேலையைக் குறையுங்கள். ஆண்டு மதிப்பீட்டில் அதற்கு இடம் கொடுங்கள்.

படி 3: அறிவிப்பைத் திருத்துங்கள்

விளம்பரத்தில் கேட்கும் தகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இது இல்லாமல் முதல் ஆறு மாதம் இந்த வேலையைச் செய்ய முடியாதா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் நீக்குங்கள். தேவைக்கு மேல் கேட்கும் பட்டமும் ஆண்டு அனுபவமும் வாய்ப்புக் குறைவாகக் கிடைத்தவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளும். சம்பள வரம்பைப் போடுங்கள். பேரம் பேசத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவே உள்ள பள்ளம் அதிலேயே பாதி தூர்ந்துவிடும். தேர்வில் வசதி தேவைப்படுவோர் யாரைத் தொடர்புகொள்வது என்பதை ஒரு வரியில் சேருங்கள். ஊழியர்கள் தங்களுக்குத் தெரிந்தவரைப் பரிந்துரைக்கும் முறை இருந்தால், அந்த வழியில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். ஒருவரின் நட்பு வட்டம் பெரும்பாலும் அவரைப் போன்றவர்களால் ஆனது. ஏற்கெனவே ஒருமுகமாக இருக்கும் நிறுவனம் பரிந்துரையை நம்பினால் அப்படியேதான் தொடரும்.

படி 4: தேர்வு முறையைக் கட்டமையுங்கள்

சாய்வு அதிகம் நுழைவது இங்கேதான், சரிசெய்ய எளிதானதும் இதுதான்.

2004இல் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதியில் வேறுபாடு இல்லை; பெயர்கள் மட்டும் வெள்ளையர் வழக்கிலோ கறுப்பினத்தவர் வழக்கிலோ தற்செயலாக இடப்பட்டன. வெள்ளையர் பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள், அங்கே இப்படி நடக்காது என்று நினைப்பவர்கள் 2012இல் வந்த இன்னொரு ஆய்வைப் பார்க்க வேண்டும். ஆய்வக மேலாளர் பணிக்கான ஒரே விண்ணப்பத்தை 127 அறிவியல் பேராசிரியர்களிடம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஜான் என்ற பெயரில், பாதிப் பேருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானுக்குத் திறமை அதிகம் என்று மதிப்பிட்டார்கள். சராசரியாக அவருக்கு 30,238 டாலர் சம்பளம் தரலாம் என்றவர்கள் ஜெனிஃபருக்கு 26,508 டாலர் என்றார்கள். மதிப்பிட்ட பேராசிரியர்களில் ஆண்களும் பெண்களும் இதில் ஒன்றுபோலவே நடந்துகொண்டார்கள். தேர்வுக் குழுவில் ஒரு பெண்ணை உட்கார வைத்தால் போதும் என்ற நம்பிக்கை இதோடு தகர்ந்துவிடுகிறது.

இதை மாற்ற முதலில் செய்ய வேண்டியது, விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே அளவுகோல்களை எழுதுவது. எரிக் உல்மனும் ஜெஃப்ரி கோஹனும் 2005இல் வெளியிட்ட சோதனை இதன் காரணத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. காவல்துறைத் தலைவர் பதவிக்கு ஓர் ஆண், ஒரு பெண்: ஒருவருக்குக் கள அனுபவம், மற்றவருக்குப் படிப்பு. படித்தவர் ஆணாக இருந்தபோது மதிப்பிட்டவர்கள் "படிப்புதான் முக்கியம்" என்றார்கள். அந்த ஆணிடம் படிப்பு இல்லாதபோது படிப்பின் முக்கியத்துவம் அவர்கள் கணக்கில் இறங்கிப்போனது. தாங்கள் நேர்மையாகத்தான் தேர்ந்தெடுத்தோம் என்றே அவர்கள் நம்பினார்கள். எது முக்கியம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிறகு மதிப்பிட்டவர்களிடம் இந்தச் சாய்வு காணப்படவில்லை. ஆகவே ஐந்தாறு அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் எடை, "மிக நன்று" என்றால் என்ன, "போதாது" என்றால் என்ன என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, குழுவினர் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு முதல் விண்ணப்பத்தைத் திறக்கட்டும்.

நேர்முகத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கி ஊர், பள்ளி, விளையாட்டு என்று அரட்டை நீளும்போது, நம்மைப் போன்றவரை நமக்குப் பிடித்துப்போகிறது. அந்தப் பிடிப்பு "நல்ல பொருத்தம்" என்ற பெயரில் மதிப்பெண்ணாக மாறுகிறது. கேள்விகள் வேலையிலிருந்தே வரட்டும். முடிந்தால் வேலையின் ஒரு சிறு துண்டையே செய்யச் சொல்லுங்கள். நிரலாளர் பிழையொன்றைத் திருத்தட்டும், ஆசிரியர் பத்து நிமிடம் பாடம் எடுக்கட்டும். அதற்கு அதிக நேரம் பிடிக்கும் என்றால் ஊதியம் கொடுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் இடுங்கள். எல்லோரும் எழுதி முடித்த பிறகே விவாதம். குழுத் தலைவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களின் எண்கள் அவரை நோக்கி நகரத் தொடங்கிவிடும். "பொருத்தமில்லை என்று தோன்றுகிறது" என்பவரிடம் எந்த அளவுகோலில், எந்தப் பதிலை வைத்து என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை எப்போதும் கேட்க ஒருவருக்குப் பொறுப்புக் கொடுத்துவிட்டால் அது தனிப்பட்ட சண்டையாகத் தோன்றாது.

பெயரை மறைத்து விண்ணப்பங்களைப் பார்ப்பது பல இடங்களில் உதவும். கண்மூடித்தனமாக நம்பவும் கூடாது. பிரான்சில் அரசு வேலைவாய்ப்புச் சேவை நடத்திய ஒரு சோதனையில், தாமாக முன்வந்து பங்கேற்ற நிறுவனங்களில் பெயர் மறைத்த விண்ணப்பங்கள் புலம்பெயர்ந்த குடும்பத்தவரின் வாய்ப்பைக் குறைத்தன. அந்த நிறுவனங்கள் ஏற்கெனவே பின்னணியைக் கணக்கில் எடுத்து, படிப்பில் இருந்த இடைவெளிகளைப் பெருந்தன்மையோடு பார்த்துவந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பெயர் மறைந்ததும் அந்தப் புரிதலும் மறைந்தது. உங்கள் இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மென்பொருளிடம் ஒப்படைத்தால் நடுநிலை தானாக வரும் என்றும் எண்ண வேண்டாம். அமேசான் உருவாக்கிய ஆள்தேர்வுக் கருவி, பெரும்பாலும் ஆண்களிடமிருந்து வந்த பழைய விண்ணப்பங்களைப் படித்துக் கற்றுக்கொண்டது. அதன் விளைவாகப் பெண்கள் தொடர்பான சொல் இருந்த விண்ணப்பங்களின் மதிப்பெண்ணைக் குறைத்தது. நிறுவனம் அதைக் கைவிட்டதை 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. அப்படி ஒரு கருவியை வாங்குவதாக இருந்தால், எந்தப் பிரிவினரை எவ்வளவு விகிதத்தில் அது கழிக்கிறது என்ற கணக்கை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

படி 5: உள்ளே வந்தவரை வளரவிடுங்கள்

வேலை கொடுத்தவுடன் கடமை முடிந்தது என்று நினைக்கும் இடங்களில்தான் இரண்டாம் ஆண்டு விலகல்கள் குவிகின்றன. யாருக்கு எந்த வேலை போகிறது என்று ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது, விழா ஏற்பாடு, புதியவருக்குச் சுற்றிக் காட்டுவது எல்லாம் தேவையான வேலைகளே. ஆனால் பதவி உயர்வுக்கு எடுத்துக்காட்ட உதவாதவை. லிண்டா பாப்காக்கும் உடனிருந்த ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட சோதனைகளில், ஆணும் பெண்ணும் கலந்திருந்த குழுக்களில் இப்படிப்பட்ட வேலைக்குப் பெண்கள் ஆண்களைவிட 48 சதவீதம் அதிகம் முன்வந்தார்கள். ஆண்கள் மட்டுமே இருந்த குழுவில் ஆண்களும் தயங்காமல் முன்வந்தார்கள். அதாவது இது பெண்களின் இயல்பு அல்ல, "அவர் செய்வார்" என்ற எதிர்பார்ப்பு. "யார் செய்கிறீர்கள்?" என்று கேட்பதை விட்டுவிட்டு முறை வைத்துப் பங்கிடுங்கள். கைதூக்கச் சொன்னால் எப்போதும் அதே கைகள்தான் உயரும்.

கூட்டங்களில் கேள்விகளை முந்தைய நாளே அனுப்புங்கள், எழுத்திலும் கருத்துச் சொல்ல வழி வையுங்கள், ஒருவர் சொன்ன யோசனையை அவர் பெயரோடு பதிவு செய்யுங்கள். தவறைச் சொன்னால் தண்டனை வராது என்ற நம்பிக்கை இருக்கும் குழுக்கள் அதிகம் கற்றுக்கொள்கின்றன என்பதை ஏமி எட்மன்ட்சன் 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் குழுக்களை வைத்துக் காட்டினார். வேறுபட்ட ஆட்களைச் சேர்த்துவிட்டு அவர்களை வாய்மூடி இருக்கச் செய்தால் சேர்த்ததன் பயன் என்ன?

சம்பளத்தைக் கண்டிப்பாகத் தணிக்கை செய்யுங்கள். ஒரே வேலை, ஒரே அனுபவம், வேறு சம்பளம் என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உயர்த்த வேண்டும். ஐஸ்லாந்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் சமச் சம்பளம் தருவதை நிரூபித்துச் சான்று பெற வேண்டும் என்று விதித்தது. அதுவரை ஊழியர்தான் அநீதியை நிரூபிக்க வேண்டியிருந்தது. அங்கே சுமை நிறுவனத்தின் தோளுக்கு மாறியது. இந்தத் தணிக்கை ஒருமுறை செய்து முடிக்கும் காரியமல்ல. புதிதாகச் சேர்ப்பவர்கள், நிறுவன இணைப்பு, போனஸ் ஆகியவை ஒவ்வோர் ஆண்டும் இடைவெளியைத் திரும்பக் கொண்டுவரும்.

படி 6: வசதிகளைக் கேட்காமலே செய்து வையுங்கள்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. நியாயமான வசதி செய்து தர மறுப்பதும் பாகுபாடே என்று அது வரையறுக்கிறது. சாய்தளம், கழிப்பறை, மின்தூக்கி ஆகியவற்றை எல்லோரும் நினைக்கிறோம். அன்றாடம் தடுப்பவை பெரும்பாலும் திரையில் இருக்கின்றன. ஸ்கேன் செய்து படமாக வைத்த பிடிஎஃப் பாடக்குறிப்பை, பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளால் வாசிக்க முடியாது. பேச்சை எழுத்தில் காட்டும் கேப்ஷன் இல்லாத காணொளி காது கேளாத மாணவருக்கு வெறும் அசையும் படம். வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போட்டால் பார்வை மங்கியவருக்குத் தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுக்கத்துக்கான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. விசைப்பலகையை மட்டும் வைத்து உங்கள் விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்பிப் பாருங்கள். நடுவில் எங்கே சிக்கிக்கொள்கிறீர்களோ அங்கேதான் பலர் விண்ணப்பிப்பதை விட்டிருப்பார்கள்.

வசதி கேட்பவரிடம் ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு பேராசிரியரிடமும் மருத்துவச் சான்றைத் தூக்கிக்கொண்டு அலையச் சொல்லாதீர்கள். ஒரே அலுவலகம் ஒருமுறை சரிபார்த்து, தேவைப்படும் வசதியை மட்டும் ஆசிரியருக்குத் தெரிவிக்கட்டும். நோயின் பெயர் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

படி 7: வகுப்பறைக்குள் நுழையுங்கள்

பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைப் பற்றி நிறையப் பேசுகின்றன. சேர்ந்த மாணவர் முதல் ஆண்டுக் கணக்குப் பாடத்தில் தோற்றுக் கிளம்புவதைப் பற்றிக் குறைவாகவே பேசுகின்றன. எனக்கு இந்தப் படிதான் மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது.

1970களில் பெர்க்லியில் கணித ஆசிரியர் யூரி டிரைஸ்மன், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்று அறியப் புறப்பட்டார். ஊக்கம் இல்லை, அடிப்படை போதாது, குடும்ப ஆதரவு இல்லை என்று சக ஆசிரியர்கள் ஊகித்தார்கள். நேரில் போய்ப் பார்த்தபோது எதுவும் ஒத்துவரவில்லை. அந்த மாணவர்கள் உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். நன்றாகத் தேறிய சீன அமெரிக்க மாணவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை மற்றவர் சோதித்து, எந்தக் கணக்கு எல்லோருக்கும் கடினம் என்பதைத் தெரிந்துகொண்டு படித்தார்கள். அதன்பின் டிரைஸ்மன் தொடங்கியது குறைதீர் வகுப்பு அல்ல. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிப் படிக்க வைக்கும் பயிலரங்கம். பங்கேற்ற மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. "உன்னால் முடியாது, உதவுகிறேன்" என்று சொல்லும் திட்டத்துக்கும் "உன்னால் இதுவும் முடியும், வா" என்று சொல்லும் திட்டத்துக்கும் உள்ள தூரம் மாணவருக்கு முதல் நாளே புரிந்துவிடும்.

விரிவுரையை மட்டும் நம்பாமல், மாணவர்கள் வகுப்பிலேயே கணக்குப் போட, விவாதிக்க, விடை சொல்ல வைக்கும் கற்பித்தல் எல்லோருக்கும் நல்லது. பின்தங்கவைக்கப்பட்டவர்களுக்கு இன்னும் நல்லது. அறிவியல், பொறியியல் பாடங்களில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வந்த ஓர் அலசலில், இப்படிக் கற்பித்த வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் இடைவெளி 33 சதவீதமும் தேர்ச்சி விகித இடைவெளி 45 சதவீதமும் குறைந்திருந்தன.

அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி கணினி அறிவியலில் செய்ததும் இதற்கு நெருக்கமானது. ஏற்கெனவே நிரல் எழுதிப் பழகிய மாணவர்கள் முதல் வகுப்பிலேயே வாய் ஓயாமல் பேச, மற்றவர்கள் "இது நமக்கில்லை" என்று ஒதுங்கினார்கள். கல்லூரி முன்அனுபவம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் தனித்தனி முதல் வகுப்பு வைத்தது. பாடத்தைப் பைதான் என்ற நிரல்மொழிக்கு மாற்றி, நிஜ உலகச் சிக்கல்களைச் சேர்த்தது. 2006 வாக்கில் ஏறக்குறைய 10 சதவீதமாக இருந்த பெண்களின் பங்கு சில ஆண்டுகளில் 40 சதவீதத்தை எட்டியது. பாடத்தின் தரத்தை யாரும் குறைக்கவில்லை.

பணத்தாலும் மாணவர்கள் உதிர்கிறார்கள், பல நேரம் மிகச் சிறிய தொகையால். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படவிருந்த மாணவர்களைத் தானே தேடிப்போய்ச் சிறு நிதியுதவி தந்தது. மாணவர் மனுப் போட வேண்டியதில்லை. தவறான பாடத்தில் சேர்ந்தவர், முதல் தேர்வில் சறுக்கியவர் என்று ஆபத்தின் முதல் அறிகுறியிலேயே ஆலோசகர் கூப்பிட்டுப் பேசும் ஏற்பாட்டையும் செய்தது. இனத்தாலும் வருமானத்தாலும் ஏற்பட்டிருந்த பட்டம் பெறும் விகித இடைவெளி அங்கே மறைந்தது.

யாரும் சொல்லித் தராத விதிகளையும் எழுதிக் கொடுங்கள். பேராசிரியரைச் சந்திக்க ஒதுக்கிய நேரம் எதற்கு, பரிந்துரைக் கடிதம் எப்படிக் கேட்பது, ஆய்வகத்தில் இடம் கேட்டு என்ன எழுதுவது, கால நீட்டிப்புக் கேட்கலாமா என்பதெல்லாம் பட்டதாரிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரிந்துவிடுகிறது. முதல் தலைமுறை மாணவர் அதைத் திறமைக் குறைவு என்று தன்மேலேயே ஏற்றிக்கொள்கிறார். அது மனத்தை அறுக்கும் விஷயம், ஒரு பக்கத் தாளில் தீரக்கூடியதும்தான்.

படி 8: புகார் சொல்ல அஞ்சாத வழி

புகாரே வரவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லும் நிறுவனத்தைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வரும். குறைந்தது இரண்டு வழிகள் வேண்டும். ஒன்று நேரடி மேலதிகாரியையோ ஆய்வு நெறியாளரையோ தொடாததாக இருக்க வேண்டும். முனைவர் பட்ட மாணவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. நெறியாளர் மீது புகார் சொன்னால் ஆய்வே நின்றுபோகும் என்ற பயம் நியாயமானது. எனவே நெறியாளரை மாற்றிக்கொள்ளும் வழியும் இடைக்கால உதவித்தொகையும் முன்பே எழுதப்பட்டிருக்கட்டும். விசாரணைக்குக் காலக்கெடு, இரு தரப்பையும் கேட்கும் நடைமுறை, வெளியாள் ஒருவர் உள்ள குழு ஆகியவை வேண்டும். புகார் சொன்னவரின் மதிப்பீடும் வேலைப் பங்கீடும் அடுத்த ஓராண்டில் எப்படி மாறின என்று பொறுப்பாளர் பார்க்க வேண்டும். பழிவாங்கல் பெரும்பாலும் அமைதியாக, மதிப்பெண் வழியாக வரும். பணியிட வன்முறையையும் தொல்லையையும் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை (2019) பயிற்சியில் இருப்போரையும் வேலை தேடுவோரையும்கூடப் பாதுகாப்புக்குள் கொண்டுவருகிறது. உங்கள் விதிகளும் அந்த அளவுக்காவது நீளட்டும்.

படி 9: பயிற்சி, அதன் அளவோடு

எல்லோரையும் ஓர் அரங்கில் கட்டாயமாக உட்கார வைத்து "உங்களுக்குள் சாய்வு இருக்கிறது" என்று சொல்வது எதிர்ப்பைக் கிளப்பும். தாமே அறியாமல் மனத்தில் இருக்கும் மறைமுகச் சாய்வை மாற்றும் முயற்சிகளைப் பற்றிய 492 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த அலசல், அந்தச் சாய்வை அளக்கும் சோதனையின் மதிப்பெண் சற்று மாறினாலும் நடத்தை அதற்கேற்ப மாறியதற்குச் சான்று இல்லை என்று கண்டது. கைத்திறனைக் கற்றுக்கொடுங்கள்: மதிப்பெண் தாளை நிரப்புவது, தாழ்த்திப் பேசும் ஒருவரைக் கூட்டத்தில் நயமாக நிறுத்துவது, வசதிக் கோரிக்கைக்குப் பதில் சொல்வது. இவற்றைக் கற்றவர் மறுநாளே பயன்படுத்தலாம்.

படி 10: எதிர்ப்பைக் கேளுங்கள், சட்டத்தைப் பாருங்கள்

"தகுதி குறைந்துவிடும்" என்ற பேச்சு வரும். அதை அலட்சியப்படுத்தாதீர்கள், சொல்பவர் பலர் தாங்கள் உழைத்துப் பெற்றதை நினைத்தே சொல்கிறார்கள். பதில், மேலே நாலாம் படியில் உள்ளது. அளவுகோலை முன்பே எழுதி, எல்லோரையும் ஒன்றுபோலக் கேட்டு, காரணம் எழுதி முடிவெடுப்பதைவிடத் தகுதிக்குத் தரும் மரியாதை வேறு என்ன? எமிலியோ காஸ்டில்லாவும் ஸ்டீஃபன் பெனார்டும் 2010இல் நடத்திய சோதனைகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. "நாங்கள் தகுதியை மட்டுமே பார்ப்பவர்கள்" என்று நிறுவனம் அழுத்திச் சொன்னபோது, மேலாளர் இடத்தில் இருந்தவர்கள் ஒரே மதிப்பீடு பெற்ற பெண்ணைவிட ஆணுக்கு அதிக போனஸ் கொடுத்தார்கள். நடுநிலையாளர் என்று தன்னை நம்புகிறவர் தன்னைச் சோதிப்பதில்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்குத் தடை விதித்தது. இந்திய அரசியலமைப்போ கல்வியிலும் அரசுப் பணியிலும் இடஒதுக்கீட்டுக்கு வெளிப்படையாக இடம் தருகிறது. ஓரிடத்தில் கடமையாக இருப்பது இன்னோரிடத்தில் வழக்காகலாம். ஒதுக்கீடு, இலக்கு, சிறப்பு உதவித்தொகை என எதைத் தொடங்கும் முன்பும் உங்கள் நாட்டு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அளவுகோல் எழுதுவது, சம்பளத் தணிக்கை, கேப்ஷன், கூடிப் படிக்கும் பயிலரங்கம் போன்றவற்றைப் பின்னணி பாராமல் எல்லோருக்கும் பொதுவாகவே நடத்தலாம். அதனால் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

எந்த வேகத்தில்?

முதல் மூன்று மாதம் எண்களைத் திரட்டுவதற்கும் விலகியவர்களோடு பேசுவதற்கும். அடுத்த மூன்று மாதத்தில் ஒரே ஒரு கசிவைத் தேர்ந்தெடுத்து, ஒரு துறையில் மட்டும் புதிய தேர்வு முறையையோ புதிய வகுப்பு முறையையோ நடத்திப் பாருங்கள். மாற்றாத துறையோடு ஒப்பிடுங்கள். ஆண்டின் முடிவில் எண்களை ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் வெளியிடுங்கள், மோசமானவற்றையும் சேர்த்து. பலன் தராத திட்டத்தை, எவ்வளவு ஆசையாகத் தொடங்கியிருந்தாலும், காரணம் சொல்லி நிறுத்துங்கள். அதற்கு ஒதுக்கிய பணத்தையும் நேரத்தையும் பலன் தந்ததற்கு மாற்றுங்கள். இரண்டாம் ஆண்டின் கசிவு எது என்பதை நீங்கள் வெளியிட்ட அட்டவணையே காட்டும்.